உயர் அதிர்வெண் ஜைரோட்ரான்: எந்த வழியில் போனால் எவ்வளவு வீணாகும்?

"250 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே சில பத்து வாட் வேண்டும். ஜைரோட்ரான்தான் என்று முடிவாகிவிட்டது. எந்த வகை என்பதில்தான் குழப்பம்." இப்படிக் கேட்பவர்கள் பல தரப்பு. (ஜைரோட்ரான் என்பது, காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான் கற்றையின் ஆற்றலை உயர் அதிர்வெண் அலையாக மாற்றும் வெற்றிடக் குழல்.) சிலர் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவியோடு இணைக்க ஒரு மூலம் தேடுகிறார்கள். சிலர் ஆய்வேட்டுக்காக ஒரு டெராஹெர்ட்ஸ் குழலை வடிவமைக்கப் போகிறார்கள். யாராக இருந்தாலும் விவரத்தாளைக் கையில் வாங்கியதும் கண் போவது பயனுறுதிறன் என்ற சதவீதத்துக்குத்தான்.

அந்த எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது ஆபத்து. 170 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாவாட் தரும் அணுக்கரு இணைவு உலைக் குழல்கள் 50 சதவீதத்தைத் தாண்டியிருக்கின்றன. 460 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ஓர் அருமையான ஆய்வுக்கூடக் குழலின் கணக்கு 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. இரண்டாவது மோசமான குழல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். வீணாகும் திறன் எந்த இடத்தில் வீணாகிறது, அந்த இடம் நம் வேலைக்கு முக்கியமா என்பதுதான் கேட்க வேண்டியது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

- காந்தம். எலக்ட்ரானின் சுழற்சி அதிர்வெண் ஒரு டெஸ்லாவுக்கு 28 கிகாஹெர்ட்ஸ். சார்பியல் விளைவால் எலக்ட்ரான் கொஞ்சம் கனப்பதால், 15 கிலோவோல்ட் குழலில் இது 3 சதவீதம் போலக் குறையும். அலையின் அதிர்வெண் இதற்கு ஏறக்குறையச் சமமாக (அடிப்படை ஹார்மோனிக்) அல்லது இதன் இரண்டு, மூன்று மடங்காக (இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்) இருக்கும். செலவில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும்.
- காவிட்டிச் சுவர் (அலை உருவாகும் செம்பு உள்ளறையின் சுவர்) தின்னும் பங்கு. எலக்ட்ரான் கற்றை கொடுத்த திறனில் வெளியே வருவது எவ்வளவு, செம்பைச் சூடாக்குவது எவ்வளவு?
- மோடுப் போட்டி. மோடு என்பது காவிட்டிக்குள் அலை நிற்கும் ஒரு வடிவம். நமக்கு வேண்டிய மோடு மட்டும் எழுமா, பக்கத்து மோடு புகுந்து கெடுக்குமா?
- இயக்க முறை. நாள்கணக்கில் தொடர்ந்து ஓட வேண்டுமா, சில மைக்ரோ விநாடித் துடிப்பு போதுமா?
- அதிர்வெண்ணை நகர்த்தும் வசதி. என்.எம்.ஆர். வேலைக்கு இது சிலசமயம் திறனைவிடப் பெரிய விஷயம்.

## திறன் எங்கே தொலைகிறது

ஒப்பீட்டுக்குள் போகுமுன் இந்தப் பகுதியை நிதானமாகப் பார்த்துவிடலாம். பின்னால் வரும் நான்கு வழிகளும் இதே இழப்புகளை வேறு வேறு அளவில் சுமப்பவைதான்.

முதல் வடிகட்டி, கற்றையை உருவாக்கும் எலக்ட்ரான் துப்பாக்கி. அலை எடுத்துக்கொள்வது எலக்ட்ரானின் சுற்றும் ஆற்றலை மட்டுமே; முன்னோக்கிப் போகும் ஆற்றலை அது தொடுவதில்லை. குறுக்கு வேகத்துக்கும் நேர் வேகத்துக்கும் உள்ள விகிதம் 1.5 என்றால், மொத்த ஆற்றலில் 69 சதவீதம்தான் எடுக்கக் கிடைக்கும். விகிதத்தை 2 ஆக்கினால் 80 சதவீதம். ஆக்கலாமே என்று தோன்றும். ஆனால் எல்லா எலக்ட்ரானும் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. எலக்ட்ரானை உமிழும் எமிட்டர் பரப்பின் சொரசொரப்பும் வெப்ப வேகமும் சேர்ந்து ஒரு சிதறலை உண்டாக்கும். விகிதத்தைத் தூக்கத் தூக்க, சிதறலின் ஒரு முனையில் இருக்கும் எலக்ட்ரான்கள் காந்தக் கண்ணாடியில் (வலுக்கும் காந்தப்புலம் எலக்ட்ரானைத் திருப்பும் இடம்) பட்டுத் துப்பாக்கிக்கே திரும்பிவிடும்.

இரண்டாவது, செம்புச் சுவர். உயர் அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் மட்டும் ஓடும். 100 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் தடிமன் சுமார் 0.2 மைக்ரான், 400இல் 0.1, 1 டெராஹெர்ட்ஸில் 0.065. பட்டறையில் கடைந்து மெருகேற்றிய பரப்பின் மேடுபள்ளமே இந்த அளவுக்கு வந்துவிடும். ஆகவே சுத்தமான செம்புக்கான புத்தக மின்கடத்துத்திறனை வைத்துப் போட்ட கணக்கு எப்போதும் ஏமாற்றும். அப்புறம், அதே மோடை வைத்துக்கொண்டு அதிர்வெண்ணை ஏற்றினால் காவிட்டி எல்லாப் பக்கமும் சுருங்கும். பரப்பு அதிர்வெண்ணின் இருமடியாகக் குறையும், சுவர் மின்தடை அதன் வர்க்கமூலமாக ஏறும். இரண்டையும் சேர்த்தால், வெளிவரும் திறன் அதேதான் என்றாலும் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் விழும் வெப்பம் அதிர்வெண்ணின் 2.5ஆம் அடுக்காக ஏறுகிறது. மெகாவாட் குழல்களில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவாட் என்பதைத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, பிணைப்பு வலிமை. 15 கிலோவோல்ட் குழலில் குறுக்கு வேகம் ஒளி வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஹார்மோனிக்கில் ஒரு படி ஏறும்போது அலைக்கும் கற்றைக்கும் உள்ள பிணைப்பு இந்தப் பங்கின் இருமடி அளவில் மெலிகிறது, தோராயமாக 25இல் ஒன்றாக. இதை ஈடுகட்ட காவிட்டியை நீட்டித்தான் ஆக வேண்டும். நீட்டினால் அலை உள்ளே அதிக நேரம் தங்கும். தங்கும் நேரமெல்லாம் செம்புக்குத் தீனி.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 3.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு காவிட்டி, 263 கிகாஹெர்ட்ஸ், அடிப்படை ஹார்மோனிக், பூஜ்யம்–மூன்று மோடு (கோணச் சுட்டெண் 0, ஆரச் சுட்டெண் 3), நீளம் 20 மி.மீ. வெளியேற்றத்துக்கான தரக்காரணி (Q; இது உயர்ந்தால் அந்த வழியில் திறன் மெதுவாகவே போகும்) குறைந்தபட்சம் 3,900, சுவருக்கானது 14,500. கற்றை கொடுத்ததில் 79 சதவீதம் வெளியே வரும். அதே விட்டத்தில் 460 கிகாஹெர்ட்ஸ், இரண்டாம் ஹார்மோனிக், பதினொன்று–இரண்டு மோடு, நீளம் 26 மி.மீ. என்று வைத்தால் வெளியேற்றத் தரக்காரணி 20,000, சுவருக்கானது 12,000. வெளிவருவது 37 சதவீதம். இது சுத்தமான செம்பு, மிகக் குறைந்த பிரதிபலிப்பு என்ற சாதகமான கணக்கு. உண்மையில் செம்பின் மின்கடத்துத்திறன் பாதியளவுக்கு இறங்கலாம், முனைப் பிரதிபலிப்பால் வெளியேற்றத் தரக்காரணி பல மடங்கு ஏறலாம். அப்போது வெளிவரும் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே போவது சாதாரணம்.

நான்காவது விஷயம் சிறிய குழல்களுக்கே உரியது. சில பத்து வாட் போதும் என்பதால் கற்றை மின்னோட்டத்தைக் குறைவாக வைப்போம். அது அலைவு தொடங்கத் தேவையான மின்னோட்டத்தைவிடச் சில மடங்கே அதிகமாக இருக்கும். அந்த நிலையில் அலைப்புலம் வலுவாக இருக்காது. எலக்ட்ரான்கள் ஆற்றலை முழுசாகக் கொடுக்காமல் கடந்து போய்விடும். இணைவு உலைக் குழல்கள் இதற்கு நேர் எதிர். 2007இல் ஜப்பானிய அணுசக்தி முகமைக் குழு 170 கிகாஹெர்ட்ஸ் குழலை, தானாக அலைவு தொடங்காத கடினப் பகுதிக்குள் நகர்த்திக் கொண்டுபோய்த்தான், கற்றையின் மிச்ச ஆற்றலை மீட்கும் ஏற்பாட்டையும் (பின்னால் வருகிறது) சேர்த்து, 1 மெகாவாட்டில் 55 சதவீதம் எடுத்தது.

## வழி 1: அடிப்படை ஹார்மோனிக், நிலையான உயர் புலம்

பிணைப்பு வலுவானது, காவிட்டி குட்டையாக இருக்கலாம், சுவர் இழப்பு குறைவு. மோடுப் போட்டியும் ஒப்பீட்டளவில் எளிது, கீழே இன்னொரு ஹார்மோனிக் ஒளிந்திருப்பதில்லை. பயனுறுதிறன் மட்டும்தான் வேண்டும் என்றால் இந்தப் பகுதியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு காந்தம்தான். என்.எம்.ஆர். கருவியை அதன் புலத்தில் புரோட்டான் ஒத்ததிரும் அதிர்வெண்ணால் குறிப்பார்கள்; அதே புலத்தில் எலக்ட்ரானை ஒத்ததிரவைத்துச் சமிக்ஞையைக் கூட்டும் அலையைத்தான் ஜைரோட்ரானிடம் கேட்கிறோம். 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆருக்கு வேண்டிய 263 கிகாஹெர்ட்ஸ் குழலுக்கு 9.7 டெஸ்லா போதும். நையோபியம்–டைட்டானியம் கம்பி 4.2 கெல்வினில் எட்டும் எல்லை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. 600 மெகாஹெர்ட்ஸுக்கு 395 கிகாஹெர்ட்ஸ் என்றால் 14.5 டெஸ்லா, நையோபியம்–வெள்ளீயக் கம்பிக்கு மாறியாக வேண்டும், விலை எகிறும். 800 மெகாஹெர்ட்ஸுக்கு 527 கிகாஹெர்ட்ஸ் என்றால் 19 டெஸ்லாவுக்கு மேல். என்.எம்.ஆர். காந்தத்தின் விலைக்குச் சமமாக இன்னொரு காந்தத்தைப் பக்கத்தில் நிறுத்துகிறோம் என்று அர்த்தம்.

280 கிகாஹெர்ட்ஸ் வரையில் இது சந்தேகமில்லாமல் சிறந்த வழி. அதற்கு மேல், மெகாவாட் கணக்கில் பிளாஸ்மா சூடாக்கும் வேலைக்கு மட்டுமே இந்தச் செலவை நியாயப்படுத்த முடியும் என்பது என் எண்ணம். அங்கே வீணாகும் ஒவ்வொரு சதவீதமும் மின்வழங்கியிலும் குளிர்நீரிலும் மெகாவாட்டாகத் திரும்பி வரும்.

## வழி 2: இரண்டாம் ஹார்மோனிக்

காந்தம் பாதியாகிறது. 527 கிகாஹெர்ட்ஸுக்கு 9.7 டெஸ்லா, அதாவது முதல் வழியில் 263க்கு வாங்கிய அதே காந்தம். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் 330 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே இயங்கும் தொடர் குழல்களில் பெரும்பாலானவை இந்தப் பக்கம் வந்தன.

எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தின் இரண்டு குழல்களை எடுத்துக்கொள்வோம். 460 கிகாஹெர்ட்ஸ் குழல் 13 கிலோவோல்ட், 100 மில்லி ஆம்பியர் கற்றையில் 16 வாட் கொடுத்தது, 1.2 சதவீதம். 330 கிகாஹெர்ட்ஸ் குழல் 10.1 கிலோவோல்ட், 190 மில்லி ஆம்பியரில் 18 வாட், 0.9 சதவீதம். படித்தால் சங்கடமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் மின்கட்டணத்தைப் பாருங்கள். 460 குழலின் கற்றை எடுப்பது 1.3 கிலோவாட். ஹீலியம் நிரப்பத் தேவையில்லாத ஒரு மீகடத்திக் காந்தத்தில் 4 கெல்வினைத் தக்கவைக்கும் குளிரூட்டியின் கம்பிரஸர் மட்டும் 7 கிலோவாட் அளவில் இழுக்கும், குழல் ஓடினாலும் ஓடாவிட்டாலும். குழலின் பயனுறுதிறனை இரட்டிப்பாக்கினாலும் மீட்டரில் வித்தியாசம் தெரியாது.

அப்படியானால் 1 சதவீதம் ஒரு பிரச்சினையே இல்லையா? பிரச்சினைதான், ஆனால் வேறு வடிவில் வருகிறது. சுவரில் விழும் வெப்பம் காவிட்டியை விரிவாக்கும். செம்பு ஒரு டிகிரி சூடேறினால் 460 கிகாஹெர்ட்ஸ் சுமார் 8 மெகாஹெர்ட்ஸ் கீழே நழுவும். எனவே குளிர்நீரின் வெப்பநிலையை இறுக்கிப் பிடிக்கும் சில்லர் கட்டாயம். இதை முதல் மதிப்பீட்டில் சேர்க்க மறப்பவர்கள் அதிகம். கடைசல் துல்லியமும் அப்படித்தான். 1.8 மி.மீ. ஆரத்தில் 1 மைக்ரான் பிழை என்றால் 250 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போகும்.

மோடுப் போட்டி இங்கே கடுமை. அடிப்படை ஹார்மோனிக் மோடுகள் குறைந்த மின்னோட்டத்திலேயே எழுந்துவிடும், இரண்டாம் ஹார்மோனிக் மோடுக்கு நேரம் பிடிக்கும். ஆகவே பக்கத்தில் அடிப்படை மோடு எதுவும் இல்லாத, தனியாக நிற்கும் மோடைத் தேடித்தான் வடிவமைக்க வேண்டும். கற்றையை வேண்டிய ஆரத்தில் வைப்பதும் இதில் சேர்த்தி. அலைநீளம் 0.65 மி.மீ. என்னும்போது, காந்தத்தின் அச்சும் குழலின் அச்சும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினாலே திறன் சரியும்.

நீண்ட காவிட்டி ஒரு நல்லதும் செய்கிறது. அச்சுவழி அடுத்தடுத்த மோடுகள் ஒன்றோடொன்று கலந்து, புலத்தையோ மின்னழுத்தத்தையோ மாற்றினால் அதிர்வெண் தொடர்ச்சியாக நகரும். 460 குழலில் 1 கிகாஹெர்ட்ஸ், 330இல் 1.2 கிகாஹெர்ட்ஸ் வரை நகர்த்தியிருக்கிறார்கள். என்.எம்.ஆர். காந்தத்தின் புலத்தை நகர்த்தும் சுருள் இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். நகர்த்தும் வீச்சின் ஓரங்களில் பயனுறுதிறன் இன்னும் இறங்கும் என்றாலும் இந்தப் பேரத்தை நான் தயங்காமல் ஏற்பேன்.

## வழி 3: துடிப்புக் காந்தம்

நிலையான புலம் எட்டாத உயரத்தைச் சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் எட்டிப் பிடிப்பது. 2008இல் நிஷ்னி நோவ்கோரோத் பயன்பாட்டு இயற்பியல் நிறுவனக் குழு 38.5 டெஸ்லாவில், அடிப்படை ஹார்மோனிக்கில், 1.02 டெராஹெர்ட்ஸில் 1.5 கிலோவாட் எடுத்தது. துடிப்பு நீளம் 50 மைக்ரோ விநாடி, பயனுறுதிறன் 2.2 சதவீதம். அதற்கு முன்பே ஜப்பானின் ஃபுக்குயி பல்கலைக்கழகம் துடிப்புக் காந்தத்தோடு இரண்டாம் ஹார்மோனிக்கில் 1 டெராஹெர்ட்ஸைத் தொட்டிருந்தது.

ஆனால் இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு 670 கிகாஹெர்ட்ஸ் குழல்தான். ஒளித்துவைத்த கதிரியக்கப் பொருளைத் தூரத்திலிருந்தே காற்று முறிவின் (வலுவான அலையால் காற்று பிளாஸ்மாவாவது) மூலம் கண்டுபிடிக்கலாம் என்ற மேரிலாண்ட் பல்கலைக்கழக யோசனைக்காக நிஷ்னி நோவ்கோரோதில் கட்டியது. 200 கிலோவாட்டுக்கு மேல், ஏறக்குறைய 20 சதவீதம். அதிர்வெண் ஏறினால் பயனுறுதிறன் விழுந்தே தீரும் என்று சொல்பவர்களுக்கு இது பதில். உயர் மின்னழுத்தம், ஏராளமான கற்றை மின்னோட்டம், உயர் வரிசை மோடு கொண்ட அகலமான காவிட்டி: மூன்றும் சேர்ந்ததால் தொடக்க மின்னோட்டத்தைத் தாண்டி வெகுதூரம் போக முடிந்தது. சில பத்து மைக்ரோ விநாடியில் சுவர் சூடாக நேரமில்லை, ஆகவே வெப்ப எல்லை பற்றிய கவலையும் இல்லை.

இங்கே மறைமுகச் செலவு பயன்பாட்டு நேரம். திரவ நைட்ரஜனில் மூழ்கிய சுருள் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு ஆற வேண்டும். மின்தேக்கி வங்கி, அதற்கான பாதுகாப்பு அறை, சுருளின் களைப்பு எல்லாம் கூடவே வரும். சராசரித் திறன் என்று கணக்கிட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடும். பிளாஸ்மா முறிவு, ஒற்றைத் துடிப்பு அளவீடுகளுக்கு அருமை, என்.எம்.ஆருக்கு உதவாது.

## வழி 4: பெரும்சுற்று ஜைரோட்ரான், மூன்றாம் ஹார்மோனிக்

வழக்கமான குழலில் எலக்ட்ரான்கள் அச்சைச் சுற்றி வளையமாக நின்று, ஒவ்வொன்றும் தன் சின்னச் சுற்றில் சுழலும். இங்கே ஒவ்வொரு எலக்ட்ரானும் காவிட்டியின் அச்சையே சுற்றுகிறது. அதனால் ஹார்மோனிக் எண்ணும் மோடின் கோணச் சுட்டெண்ணும் பொருந்தினால்தான் பிணைப்பு உண்டாகும். மோடுப் போட்டியில் பெரும்பகுதி தானாகவே விழுந்துவிடுகிறது. 2009இல் வந்த நிஷ்னி நோவ்கோரோத் முடிவில் 80 கிலோவோல்ட், 0.7 ஆம்பியர் கற்றை, 10.5 முதல் 14 டெஸ்லா, இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக்குகளில் 0.55 முதல் 1 டெராஹெர்ட்ஸ் வரை நான்கு அதிர்வெண்களில் 0.3 முதல் 1.8 கிலோவாட். கற்றைத் திறன் 56 கிலோவாட் என்பதால் பயனுறுதிறன் 0.5 முதல் 3 சதவீதம் வரை.

மோடுப் போட்டியில் மிச்சம் பிடித்ததைச் சுவர் இழப்பில் கொடுத்துவிடுகிறோம். அச்சைச் சுற்றும் கற்றையை உருவாக்கும் துப்பாக்கி கடினமானது, அச்சு கொஞ்சம் விலகினாலும் மோடுத் தேர்வு போய்விடும். 80 கிலோவோல்ட் என்றால் எக்ஸ் கதிர்த் தடுப்பும் வேண்டும். ஆய்வேட்டுக்கு அழகான பொருள். வாங்கி வைத்து வேறு ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

## ஒரே பார்வையில்

| வழி | 527 கிகாஹெர்ட்ஸுக்கான புலம் (ஏறக்குறைய) | எட்டிய பயனுறுதிறன் | இயக்கம் | முதலில் முட்டும் தடை |
|---|---|---|---|---|
| அடிப்படை, நிலையான புலம் | 19.4 டெஸ்லா | 170 கிகாஹெர்ட்ஸில் 30, மீட்போடு 50க்கு மேல் | தொடர் | காந்த விலை, சுவர் வெப்பம் |
| இரண்டாம் ஹார்மோனிக் | 9.7 டெஸ்லா | 330, 460 கிகாஹெர்ட்ஸில் 1 அளவில் | தொடர் | சுவர் இழப்பு, மோடுப் போட்டி |
| துடிப்புக் காந்தம் | 20 டெஸ்லாவுக்கு மேல் | 670இல் 20, 1 டெராஹெர்ட்ஸில் 2.2 | மைக்ரோ விநாடி | துடிப்புகளுக்கு இடையே காத்திருப்பு |
| பெரும்சுற்று, மூன்றாம் ஹார்மோனிக் | 7 டெஸ்லா (80 கிலோவோல்ட் கற்றையில்) | 0.5 முதல் 3 (இரண்டாம், மூன்றாம் ஹார்மோனிக் சேர்த்து) | காட்டியது துடிப்பில் | துப்பாக்கி, அச்சு விலகல் |

(பயனுறுதிறன் எண்கள் சதவீதத்தில்.)

## எலக்ட்ரானின் மிச்ச ஆற்றலைத் திரும்ப எடுப்பது

அழுத்தம் குறைத்த சேகரிப்பான் இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வேலை முடிந்து வரும் கற்றையை எதிர் மின்னழுத்தத்தில் மெதுவாக்கி, அதன் ஆற்றலை மின்வழங்கிக்கே திருப்பும் ஏற்பாடு இது. 1994இல் ஜப்பானில் 110 கிகாஹெர்ட்ஸ் குழலில் பயனுறுதிறனை 30இலிருந்து 50 சதவீதத்துக்கு ஏற்றிக் காட்டினார்கள். மெகாவாட் குழலில் இது இல்லாமல் இன்று யாரும் யோசிப்பதில்லை.

சிறிய குழலில் கற்றை ஏறத்தாழ முழு ஆற்றலோடு வெளியேறுவதால் திரும்ப எடுப்பது இன்னும் சுலபம்தான். ஆனால் எடுத்து என்ன செய்ய? மிச்சமாவது ஒரு கிலோவாட். சுவர் இழப்பை இது தொடவே தொடாது, அதிர்வெண் நழுவலையும் குறைக்காது. கூடுதல் மின்வழங்கிக்கும் மின்காப்புக்கும் செலவழிக்கும் பணத்தைச் சில்லரில் போடுவது மேல்.

## யாருக்கு எது

400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு அடிப்படை ஹார்மோனிக். மாதிரி சிறியது, சில வாட் போதும் என்றால் ஜைரோட்ரானே வேண்டாம். 263 கிகாஹெர்ட்ஸில் 5 வாட் அளவில் தரும் கிளிஸ்ட்ரான்கள் (இன்னொரு வகை எலக்ட்ரான் குழல்) இருக்கின்றன, மீகடத்திக் காந்தம் இல்லாமலே ஓடும். 600க்கு மேலே போனால் இரண்டாம் ஹார்மோனிக், 1 சதவீதத்தைப் பார்த்து மிரள வேண்டாம். 800 மெகாஹெர்ட்ஸுக்குப் பிற்காலத்தில் மாறும் எண்ணம் இருந்தால் 9.7 டெஸ்லா காந்தமாகவே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், துளை விட்டமும் புலத்தின் அமைப்பும் இரண்டுக்கும் பொருந்தும்படி முதலிலேயே கேட்டு வாங்கினால். டெராஹெர்ட்ஸில் கிலோவாட் வேண்டும், துடிப்பு போதும் என்றால் மூன்றாம் வழி.

விலைப்புள்ளி கேட்கும்போது இரண்டு எண்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: குழலின் சாளரத்தில் எத்தனை வாட், அலைவழியின் மறுமுனையில் மாதிரிக்குப் பக்கத்தில் எத்தனை வாட். மோடு மாற்றி (காவிட்டியின் மோடை வெளியே அனுப்பும் கற்றையாக மாற்றும் பகுதி) சரியில்லாமல் அலைக்கற்றை நடுவில் குவிந்த சுத்தமான காஸியன் வடிவில் வராவிட்டால், பாடுபட்டு எடுத்த வாட்டில் பெரும்பங்கு நெளிவுள்ள அலைவழிக் குழாயிலேயே தொலைந்துபோகும். கலோரிமீட்டரால் அளந்த அந்த இரண்டு எண்களையும், எத்தனை மணி நேர ஓட்டத்தில் அளந்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிய பிறகு காந்தத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.